கர்ச்சீப் குடுத்த மாமா

போன வருஷம் ஹாஃப் மாரத்தான்ல பதினெட்டாவது கிலோமீட்டர்ல நான் வாந்தி எடுத்து உக்காந்துட்டேன். கூட ஓடி வந்த அக்கா வீட்டுக்காரர் தூக்கி விடுவார்னு பார்த்தா, போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டார்: "குழந்தைக்கு யாராவது பால் குடுங்க." அன்னைலருந்து வீட்ல என் பேரே பால்பாப்பா.

திருப்பிக் குடுக்கணும்னே இந்த வருஷமும் ஓடினேன். விடியும்போதே ஒரே புழுக்கம், வேர்வை காயவே இல்ல. மாமா வாட்ச்சைப் பார்த்துப் பார்த்துப் பறந்தார். நான் மெதுவா பின்னாடியே போனேன். அதே பதினெட்டுல, கெண்டைக்கால் இழுத்துக்கிட்டு பிளாட்பாரத்துல உக்காந்திருந்தார்!

போனை எடுத்தேன். ஈர விரலுக்கு ஸ்கிரீன் அசையவே இல்ல. துடைக்கலாம்னா என் சட்டையே சொட்டுது. மாமா மட்டும் எப்பவும் பிளாஸ்டிக் கவர்ல கர்ச்சீப் வச்சிருப்பார்.

"மாமா, கர்ச்சீப்பைக் குடுங்க."

"முகம் துடைச்சு விடப்போறியா மாப்ள? நீ தங்கம்டா!"

விரலைத் துடைச்சேன். போனைத் துடைச்சேன். எடுத்தேன் போட்டோ.

"டேய், குரூப்ல போட்டுடாதடா!"

"போட்டாச்சு மாமா. பால் வந்துட்டே இருக்கு."

கர்ச்சீப்பை அவர் மடியில போட்டுட்டு ஓடினேன் பாரு, வலியே தெரியல.