புழு இல்லாத கத்தரிக்காய்

சொத்தை இல்லாத கத்தரிக்காயை மல்லாவிச் சந்தையில் விற்றுப் பாருங்கள், விசர் பிடிக்கும். எனக்கு அந்த விசர் பிடித்தது.

போன போகம் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த என் மனுசன் வீரகத்தி வாசலிலேயே ஓங்காளித்துச் சத்தியெடுத்து விழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இனி மருந்து வேண்டாம் என்று சண்டை பிடித்து, இந்த முறை தோட்டத்துக்குப் பூச்சி புகாத வலை கட்டுவித்தேன். காய்கள் பளபளவென்று வந்தன. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. இன்றைக்குக் கூடை விற்காமல் திரும்பினால் வலையைக் கழற்றிவிட்டு மருந்து மெசினைத் தூக்குவேன் என்று சொல்லித்தான் காலையில் என்னை அனுப்பினார்.

வந்த சனமெல்லாம் என் காயைத் தடவிப் பார்த்தது, வடிவாய் இருக்கிறது என்றது, பக்கத்துக் கடைக் கௌசலாவிடம் போய்ப் பூச்சி குத்திய காயை அள்ளிக்கொண்டு போனது. ஓட்டை இருந்தால் மருந்து அடிக்கவில்லையாம். பூச்சிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை. கொண்டை ஊசியால் நானே நாலு ஓட்டை போடுவோமா என்றுகூட யோசித்தேன். வலைக் கதையை நான் சொல்லச் சொல்ல, காய் வாங்க வந்த லக்சிகா ரீச்சர் ஒரு புழுவையாவது காட்டு என்று நின்றா.

அதோடு எனக்கு ஏறிவிட்டது. ஒரு காயை எடுத்தேன், சீலையில் துடைத்தேன், கறுக்கென்று கடித்தேன்.

"மருந்தடிச்ச காயை ஆரும் பச்சையாய்த் தின்னுவினமோ, ரீச்சர்?"

பச்சைக் காயின் கயர்ப்பில் என் முகம் கோணியதைப் பார்த்துச் சந்தையே சிரித்தது. ரீச்சரும் சிரித்தபடி இரண்டு கிலோ வாங்கினா. அவவைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மத்தியானத்துக்கு முன் கூடை காலி, கடித்த காய் மட்டும் மிச்சம். வலை தப்பியது, என் மனுசனும் தப்பினார். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அந்தச் சந்தோசப் புளுகத்தில் மீன் வாங்கப் போனேன். எதிர்ப்பக்கம் மீன்காரன் நவ்பரின் பலகையில், ஐஸுக்கு மேல் விளைமீன் மினுங்கியது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல சிவப்பு. ஆனால் ஒரு ஈகூட மொய்க்கவில்லை. மருந்து போட்ட மீனில்தானே ஈ இருக்காது, எனக்குத் தெரியாதா?

"என்ன தம்பி, ஈ ஒண்டையும் காணேல்லை?"

காலையில் இருந்து என் கூத்தைப் பார்த்துக்கொண்டு இருந்த நவ்பர் கத்தியைக் கீழே வைத்தான்.

"அப்ப நானும் இதைப் பச்சையாய்க் கடிச்சுக் காட்டவோ, அக்கா?"

சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனது. அந்த மீனையே வாங்கிவந்து, கடித்த கத்தரிக்காயையும் வெட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன். வீரகத்தி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வலையில் இருந்த கிழிசலைத் தைக்கப் போனார்.