சிரட்டைக்குள் பிளேடு

இல்லை, அது தன் வீட்டுச் சிரட்டையாக இருக்காது, தெருவுக்கு நாளொன்றுக்கு நூறு தேங்காயாவது உடைகிறது, அதில் ஒன்றுக்குள் பிளேடு இருந்தால் அதை முகம்மது ஆசிக்தான் வைத்திருக்க வேண்டுமா, வேறு ஆளே இல்லையா தென்காசியில்... என்று ஆசிக் தனக்குள் கேட்டபடி, குப்பை வாளியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். வேறு எவன் இரண்டு சிரட்டையைச் சேர்த்து வைத்து நூல் சுற்றிக் கட்டுவான்? வாசலில் நகராட்சியின் பேட்டரி வண்டி நின்றது. வழக்கமாக வரும் இசக்கிசெல்விக்குப் பதிலாக நல்லதம்பி வந்திருந்தான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான். “அவ கையை அறுத்துக்கிட்டா பாய். நேத்து காலைல ஒம்பது மணி இருக்கும், உரக்கிடங்குல வச்சு. எவனோ பிளேடைச் செரட்டைக்குள்ள வச்சு, கல்யாணச் சீரு மாதிரி நூலு சுத்திப் போட்டிருக்கான். இவ புதையல்னு நெனச்சுப் பிரிச்சிருக்கா.” ஆஸ்பத்திரிக்குப் போனாளா என்று ஆசிக் கேட்டது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. “எங்க போனா? மஞ்சப்பொடியை வச்சு அமுக்கிட்டு வேலையைப் பார்த்தா. இன்னைக்குக் குத்தாலத்துல சீசன் டூட்டி. வாளியை விடுங்க பாய், பிடிச்சுக்கிட்டே நிக்கீங்க.”

நேற்று ஒன்பது மணி. இப்போது ஏழு பத்து. ஒரு நாள் என்றால் இருபத்துநான்கு மணி நேரம், அதில் இருபத்திரண்டு போய்விட்டது, மிச்சம் இரண்டு கூட முழுதாக இல்லை... ஏழு மாதத்துக்கு முன் திருநெல்வேலியில் அந்த டாக்டர் மேசையைப் பார்த்தபடியே சொன்னது அப்படியே காதில் வந்தது. உங்கள் ரத்தம் யார் காயத்திலாவது பட்டால் ஒரு நாளைக்குள் ஊசி போட்டாக வேண்டும், தள்ளத் தள்ளப் பலன் குறையும், சவரக் கத்தி, பல் தேய்க்கும் பிரஷ் எதையும் யாரோடும் பகிராதீர்கள். தலையாட்டிக்கொண்டு வந்தான். சலூனுக்குப் போவதை நிறுத்தினான். தானே சவரம் செய்து, பழைய பிளேடை... அதை எங்கே போடுவது என்று அந்த டாக்டரிடம் ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இல்லை, கேட்கவே வேண்டாம், நகராட்சி ஒட்டிப்போன நோட்டீஸ் கதவிலேயே இருக்கிறது. மக்கும் குப்பை பச்சை வாளி, மக்காதது நீல வாளி, பிளேடு, ஊசி, காலாவதி மாத்திரை தனியே சிவப்புப் பையில். படிக்கத் தெரியாதவனா அவன்?

மனைவி ஹஸீபா தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அடுப்பை அணைத்தாள். “அது நம்ம செரட்டைன்னு யாரு சொன்னா உங்ககிட்ட?” நான்தான் வைத்தேன், வியாழக்கிழமை தாடையில் வெட்டிக்கொண்டேனே, அந்த பிளேடு, என்றான். அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “செல்விகிட்ட சொன்னா பத்து வீட்டுக்குச் சொன்ன மாதிரி. அடுத்த மாசம் உங்க தங்கச்சி நஸீபாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்தா என்ன சொல்லுவாங்க, அண்ணனுக்கு இருக்குன்னா பொண்ணுக்கும் இருக்கும்பாங்க. கொஞ்சம் யோசிங்க.” அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. சோதனை செய்து, தனக்கு இல்லை என்று தெரிந்து, மூன்று தடுப்பூசியும் போட்டுக்கொண்டவள் அவள், தன் பங்கு பயத்தைச் சத்தமில்லாமல் முடித்தவள். யோசிக்க நேரமில்லை என்றான். அவள் ஆணியில் தொங்கிய மழைக்கோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள், போகச் சொல்கிறாளா, போகாதே என்று சொன்னதற்கு வருத்தப்படுகிறாளா, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நேரமில்லை.

ஸ்கூட்டர் குற்றாலம் சாலைக்கு வந்ததும் சாரல் முகத்தில் அடித்தது, மலை இருந்த இடத்தில் வெள்ளையாக எதுவோ இருந்தது, முன்னால் கேரளா நம்பர் வேன் ஒன்று ஜன்னல்களில் ஈரத் துண்டுகளைத் தொங்கவிட்டபடி ஊர்ந்தது, வழி விடேன், கொஞ்சம் வழி விடேன்... அவளிடம் எப்படி ஆரம்பிப்பது? கிருமி என்பதா, நோய் என்பதா? அன்றைக்கு விசாவுக்கு ரத்தம் பார்த்த மெடிக்கல் சென்டரில் கவுண்டர்க்காரன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பாஸ்போர்ட்டையும் ‘தகுதியில்லை’ என்று அச்சடித்த தாளையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டான். ஏழு வருடம் தோஹாவில் வேலை பார்த்தவன், லீவில் வந்து புது விசாவுக்கு ரத்தம் கொடுத்தவன், ஊரில் எல்லோரிடமும் கம்பெனி கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான். சிவப்புப் பை எங்கே போயிற்று? அடுக்களை அலமாரியில் மடித்தபடி இருக்கிறது. அதில் போட்டால் இசக்கிசெல்வி வாசலிலேயே பிரிப்பாள், பிரித்தால் சும்மா இருக்க மாட்டாள், தெரு முழுக்கக் கேட்கும் அவள் குரல். யக்கா, மாத்திரை அட்டை கெடக்கே, வீட்டுல யாருக்குச் சொகமில்ல? எதிர்த்தாப்புல சலூன் இருக்க அண்ணன் எதுக்கு வீட்டுல செரைக்காவ? ஆசை ஆசையாகக் கேட்பாள், கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது, ஆனால் கேட்பாள். அதற்குப் பயந்துதான் சிரட்டை. தேங்காய்ச் சிரட்டையை எவன் திறந்து பார்க்கப் போகிறான், காய்கறித் தோலுக்கு அடியில் போட்டால் உரக்குழிக்குப் போய் மண்ணாகிவிடும் என்று நினைத்தான். குப்பை வண்டியின் பக்கவாட்டில் ஒரு சாக்கு எப்போதும் தொங்கும், தினமும் பார்த்திருக்கிறான், அதில் அவர்கள் சேர்ப்பது சிரட்டையைத்தான், கரி சுடுகிறவர்களுக்கு விற்கத் தனியே பொறுக்குவார்கள். மொத்தக் குப்பையிலும் கட்டாயம் ஒரு கை தொட்டு எடுக்கும் ஒரே பொருளுக்குள் போய் வைத்திருக்கிறான். குப்பை வாசலைத் தாண்டியதும் அது ஒருவர் கைக்குப் போகிறது என்று ஏன் ஒரு நாளும் தோன்றவில்லை?

ஏழு ஐம்பத்தைந்து. பழக்கடைகளைத் தாண்டி வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஸ்கூட்டரை விட்டான். அருவியின் இரைச்சல்கூட யாரோ அவசரப்படுத்துவது போலக் கேட்டது... எண்ணெய் வழியும் உடம்புகளுக்கு நடுவே பச்சைச் சட்டை போட்ட பெண்கள் நான்கைந்து பேர் ஷாம்பு உறைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை, சத்தம் போட்டு எவனையோ திட்டிக்கொண்டிருந்தாள். “ஏலே, எண்ணெய் பாட்டிலைத் தொட்டிக்குள்ள போடு, அருவிக்குள்ள எறிஞ்சா உங்க அப்பனா வந்து எடுப்பான்?” பிறகு அவனைப் பார்த்தாள். “என்னண்ணே, குளிக்க வந்தீங்களா, எண்ணெய் தேய்க்காமலா?” இடது ஆள்காட்டி விரலில் சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது, நனைந்து, ஓரத்தில் பழுப்பு. கை எப்படி இருக்கிறது என்று கேட்டான். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு அருகில் வந்தாள், சிரிப்பு அடங்கவில்லை. “அது உங்க வீட்டுச் செரட்டைன்னு எனக்குத் தெரியும்ண்ணே. தேங்காயை இம்புட்டு வழிச்சுத் துருவுத வீடு நம்ம தெருவுல ஹஸீபாக்கா வீடுதான். சூப்பர்வைசர் கேட்டாரு, ஓட்டல் குப்பைன்னுட்டேன். இல்லைன்னா உங்க வாசல்ல வந்து சத்தம் போடுவாரு. இதுக்காப் பதறியடிச்சு வந்தீங்க?”

தெரிந்திருக்கிறது. தெரிந்தே மறைத்திருக்கிறாள். இப்போது அவள் சிரிப்பதை நிறுத்தப்போவது தான்தான் என்று நினைத்தான், திரும்பிப் போய்விடலாம், பிளேடுக்கு மன்னிப்புக் கேட்டது போல ஏதாவது சொல்லிவிட்டு... “வெறும் பிளேடு இல்ல செல்வி. என் ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. மஞ்சக்காமாலைக் கிருமி, ஈரலைப் பிடிக்கும். காயத்துல பட்டா ஒட்டிக்கிடும். ஒரு நாளைக்குள்ள ஊசி போட்டா தடுக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. இப்பமே போகணும்.” அவள் விரலைப் பார்த்தாள். அது தன்னுடையதல்ல என்பது போலச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். “ஆளு செத்துருமாண்ணே?” எல்லோரும் இல்லை, என்னைப் பார், நன்றாகத்தானே இருக்கிறேன் என்றான், அதைச் சொல்லும்போது தான் நன்றாக இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. உங்களுக்கெல்லாம் தடுப்பூசி கேம்ப் போட்டார்களே, போட்டுக்கொண்டாயா? “அன்னைக்கு நான் சிவகிரியில இருந்தேன், நாத்தனாருக்கு வளைகாப்பு.” குரல் சின்னதாகிவிட்டது. “நேத்து இந்தக் கையாலதான் பிள்ளைக்குச் சோறு பிசைஞ்சேன். அவளுக்கும் வருமா?” வராது என்று சொல்ல வாயெடுத்தான், அது நிச்சயமாகத் தெரிந்து சொல்வதா, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வதா என்று புரியாமல், டாக்டரிடம் கேட்போம் என்றான். ஏழு மாதமாகத் தனக்கு என்ன ஆகும் என்பதை மட்டும்தான் கேட்டிருக்கிறான்.

வா, ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறேன், பதினைந்து நிமிடத்தில் பெரியாஸ்பத்திரி என்றான். அவள் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு எதையோ கணக்குப் போட்டு முடித்தவள் போல நிமிர்ந்தாள். “நீங்க வர வேண்டாம்ண்ணே. நீங்க வந்தா சீட்டுல உங்க பேரை எழுதுவாங்க. நம்ம தெருக்காரவுக ரெண்டு பேரு அங்கன வேலை பாக்காவ. நஸீபா கல்யாணத்தை வச்சுக்கிட்டு எதுக்கு? அந்தக் கிருமி பேரை மட்டும் எழுதிக் குடுங்க, எனக்கு வாயில நிக்காது. குப்பையில கெடந்த பிளேடு, யாருதுன்னு தெரியாதுன்னு சொல்லிக்கிடுதேன். தென்காசி பஸ் இந்தா வந்துரும்.” வருகைப்பதிவுக்கு வைத்திருந்த பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். தரையில் காயாமல் கிடந்த சோப்பு உறைகளில் சுமாராகக் காய்ந்த ஒன்றை அவளே எடுத்து உதறிக் கொடுத்தாள். ஸ்கூட்டர் சீட்டில் வைத்து ஹெபடைடிஸ் பி என்று எழுதினான், கையெழுத்து நேராக வந்தது, மூச்சு இறங்கி நெஞ்சுக்குள் வந்தது, வந்ததிலிருந்து முதல்முறையாக அருவியின் சத்தம் வெறும் அருவியின் சத்தமாகக் கேட்டது. யார் ரத்தம் என்று டாக்டர் கேட்பாரே. யாருடையதென்று தெரியாத பிளேடுக்கு அந்த ஊசியைப் போடுவார்களா, இல்லை, சாதாரண டிடி ஊசி போட்டு, கட்டு மாற்றி அனுப்பிவிடுவார்களா? இது தெரியாமலா எழுதினான்? தெரியும், எழுதும்போதே தெரியும், தெரிந்தும் உடம்பு இப்படி லேசாகிவிட்டது, எவ்வளவு சீக்கிரம்... வியாழக்கிழமை வெட்டிக்கொண்டபோதோ, அந்தக் கண்ணாடிக் கவுண்டரிலோ, இன்று காலை நல்லதம்பி சொன்னபோதோ வராத ஒரு பயம் அப்போது வந்தது, அது கிருமியைப் பற்றியதில்லை, தன்னைப் பற்றியது. பஸ் வளைவில் திரும்பி ஹாரன் அடித்தது. இசக்கிசெல்வி காயம் படாத கையை நீட்டினாள். “குடுங்கண்ணே, பஸ் வந்துட்டு.” அவன் தாளை விடவில்லை, அவளோடு போக ஸ்கூட்டர் சாவியையும் எடுக்கவில்லை, நின்றுகொண்டிருந்தான்.