காலி வீட்டுப் பங்கு

மூன்றாவது தடவையாக அந்த வீட்டைப் பார்க்க வந்தபோதுதான், தெருவில் எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து சிரித்தார். மாடியில் துணி உலர்த்திய பெண், வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாள். நாயைப் பிடித்துக்கொண்டு போன ஒருவர் நாயையும் நிறுத்தி, "வாங்க வாங்க, இன்னைக்கு வெயில் பரவாயில்ல இல்ல?" என்றார். நாய் மட்டும் குரைத்தது. இந்தத் தெருவிலேயே மனதில் இருப்பதைச் சொல்கிற ஒரே ஜீவன் இதுதான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, மனுஷங்கன்னா இப்படி இருக்கணும்" என்றார் அவள் வீட்டுக்காரர். முகமெல்லாம் பூரிப்பு.

அவருக்கு ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. நாள் முழுக்க மூக்குக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் இருப்பதையே பார்த்துப் பார்த்து, அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் இவருக்கு அழகாகத்தான் தெரியும் என்று அவள் கிண்டல் செய்வாள். அவள் வேலை வேறு மாதிரி. ஃபிரிட்ஜும் வாஷிங் மிஷினும் விற்கிற கம்பெனியில் புகார் கேட்கிற பிரிவு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை, "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுதுங்க" என்று தேன் ஒழுகப் பேச வேண்டும். புரிந்தாலும் அதுதான், புரியாவிட்டாலும் அதுதான். அதனாலேயே, காரணம் இல்லாமல் எவராவது இனிப்பாகப் பேசினால் அவளுக்குக் காது நிமிர்ந்துவிடும்.

நகரத்தில் இப்போது இருக்கிற வாடகை வீட்டில் எதிர் ஃபிளாட்காரர் லிஃப்ட்டில் ஏறினால் கூரையைப் பார்ப்பார். அது அவளுக்கு ஒத்துப்போயிருந்தது. ஒத்துப்போகாதது வீட்டுக்காரம்மாவின் போன். ஆணி அடிக்கக் கூடாது, சொந்தக்காரர்கள் வந்தால் ரொம்ப நாள் தங்கக் கூடாது, வருஷா வருஷம் வாடகை ஏற வேண்டும். இந்த வருஷம் அதுவும் இல்லை. பெண்ணுக்கு வீடு வேண்டுமாம், காலி பண்ணச் சொல்லிவிட்டாள். கையில் இருந்தது, அவள் முன்பு வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது கொடுத்த பணம். கடைவாய்ப் பல் சொத்தையாகி உயிர் போனபோதுகூட அவள் அதில் கை வைக்கவில்லை. நகரத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு சமையலறை கூடக் கிடைக்காது. இங்கே, பஸ் வந்து திரும்புகிற கடைசி ஸ்டாப்பையும் தாண்டி, கொஞ்சம் கடன் போட்டால் இரண்டு பெட்ரூம் வீடே கிடைக்கும் என்றார் புரோக்கர். விலையைக் கேட்டதும் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் வந்தது, அவளுக்குச் சந்தேகம் வந்தது.

கடன் தவணை கட்டியது போக மாதக் கடைசியில் மிஞ்சப்போவது ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டை இந்த இடம் விழுங்குமா, விழுங்காதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியது. விழுங்கிவிட்டால், ஏதாவது ஒரு மாதம் தவணை நிற்கும். நின்றால் வீடும் போகும், பல்வலியைப் பொறுத்துச் சேர்த்த பணமும் போகும். முதல் தடவை வந்தபோதே கேட்டாள், மாசாமாசம் மெயின்டெனன்ஸ் எவ்வளவு என்று.

"அது சும்மா பேருக்கு மேடம். டீச்செலவுன்னு வெச்சுக்கங்க" என்றார் புரோக்கர். அவர் வருவதற்கு முன்பே அவருடைய சென்ட் வாசனை வந்துவிடும். "ஆனா ஒண்ணு, அட்வான்ஸ் கை மாறினா திரும்பாது. இது வீட்டு ஓனர் போட்ட கண்டிஷன். நல்லா யோசிச்சு குடுங்க."

இவ்வளவு நேர்மையாகச் சொல்கிறாரே என்று அன்றைக்கு அவர் மேல் அவளுக்குக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம்கூட வந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, அந்த நேர்மையும் சென்ட் மாதிரி மேலே தெளித்துக்கொண்டதுதானோ என்று தோன்றியது.

இந்தத் தடவை அவள் நேராக வீட்டுக்குள் போகவில்லை. "ஒரு சோப்பு வாங்கிட்டு வரேன், நீங்க போயிட்டே இருங்க" என்று வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு மூலைக் கடைக்குப் போனாள். சோப்பு, உப்பு, பால், தீப்பெட்டி, எதை எடுத்தாலும் விலை நகரத்தைவிட ஒரு படி மேலே நின்றது.

"என்னங்க, எல்லாமே ஒசத்தியா இருக்கு?"

"வண்டி வரணும்லம்மா."

"தண்ணியெல்லாம் எப்படி இங்க?"

கடைக்காரர் எடை மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். "வீடு பாக்க வந்தவங்களா? நல்ல எடம்மா. நல்ல மனுஷங்க."

"நான் தண்ணியக் கேட்டேன்."

"அதான் சொல்றேன். நல்ல மனுஷங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கேன்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அரிசி மூட்டைக்குக்கூட அவ்வளவு இடம் விடவில்லை.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டு அக்கா தட்டில் டீயும் பிஸ்கெட்டும் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தாள். போன தடவை வந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது. அதற்கு முந்தின தடவை கோடி வீட்டிலிருந்து. புரோக்கரும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்கள். அவள் மடக்கென்று குடித்துவிட்டு, "இருங்கக்கா, நானே கொண்டுவந்து வெக்கிறேன்" என்று தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். அக்கா "வேண்டாம் வேண்டாம்" என்று சொல்லச் சொல்ல, தெருவைத் தாண்டி அவள் அந்த வீட்டுச் சமையலறைக்கே போய்விட்டாள்.

அங்கே கால் வைக்க இடமில்லை. குடம், வாளி, அண்டா, பெயின்ட் டப்பா, எல்லாவற்றிலும் தண்ணீர். அடுப்பு மேடையில் ஒரு குக்கர் இருந்தது. அதிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர்.

"குக்கர்லகூடவாக்கா?"

"அது வந்து... இன்னைக்கு டீ என் முறை, அந்த அவசரத்துல எடுத்து வெக்கல."

"முறையா?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. புகார்ப் பிரிவில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதைத்தான். எதிராளி தயங்கினால் நீ பேசாதே. சும்மா இருக்கிற இடத்தை யாராலும் காலியாக விட முடியாது, அவர்களே நிரப்பிவிடுவார்கள். அவள் தட்டைக் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டு, குக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லாரித் தண்ணிதான்மா" என்றாள் அக்கா கடைசியில். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "போர் போட்டாங்க, உப்பு. வாயில வெக்க முடியாது. லாரிக்காரன் நெனச்சா ரேட் ஏத்துறான், அவன விட்டா வேற நாதியில்ல. தெருவிளக்கு, வாட்ச்மேன், குப்பை வண்டி எல்லாம் நாமதான் குடுத்துக்கணும். எல்லாத்தையும் சேத்து, குடியிருக்கிறவங்க பங்கு போட்டுக்கறோம். பாதிக்கு மேல வீடு காலி. காலி வீட்டுக்காரன் எவனும் போனையே எடுக்கறதில்ல. அவன் பங்கும் நம்ம தலையிலதான் விடியுது."

"அப்ப புதுசா ஒரு குடும்பம் வந்தா..."

"எங்களுக்குக் கொறையும். அதான் தெருச் சங்கத்துல கூடிப் பேசினாங்க. யார் வீடு பாக்க வந்தாலும் சிரிச்சுப் பேசணும், டீ குடுக்கணும்னு. டீக்கு முறை வெச்சுட்டாங்க. சிரிப்புக்கு முறை கெடையாது, எல்லாரும் சிரிக்கணும்."

சொல்லிவிட்டு அக்காவே சிரித்துவிட்டாள். அது வேறு சிரிப்பு. அதில் களைப்பு இருந்தது.

"மாசம் எவ்வளவுக்கா ஆகும்?"

"டவுன்ல ஒரு வீட்டுக்குக் குடுக்கிற வாடகையில பாதின்னு வெச்சுக்கோ. வெயில் காலத்துல அதுக்கும் மேல."

அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். மிஞ்சுகிற துண்டு போவதோடு, தவணையிலும் ஒரு கடி விழும்.

"எங்கிட்ட ஏன்கா சொல்றீங்க?"

அக்கா குக்கர் மூடியைத் தேடி எடுத்து அதன்மேல் வைத்தாள். "இதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு. உன்ன மாதிரியே என் கூடவே வந்து இங்கதான் நின்னுச்சு. அதுகிட்ட நான் வாயத் தொறக்கல. இப்ப பக்கத்துச் சந்துலதான் இருக்கு. என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுது." பிறகு அவள் கையைப் பிடித்தாள். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதம்மா. இங்கதான் நான் குடித்தனம் பண்ணணும்."

அவள் வெளியே வந்தபோது புரோக்கர் கேட்டுக்கு அருகில் நின்றிருந்தார்.

"எதிர்வீட்டம்மா டீ மட்டும்தான் குடுத்தாங்களா, கதையும் குடுத்தாங்களா?" என்றார் சிரித்துக்கொண்டே. "இல்ல மேடம், நீங்க தெரிஞ்சுக்கணும்ல. அவங்க தம்பிக்கு இந்த வீட்டு மேல ஒரு கண்ணு. வர்ற பார்ட்டியெல்லாம் கலைச்சு விட்டா ஓனர் விலையை எறக்குவார் பாருங்க."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையைப் பிடித்த அந்த ஈரக் கை இன்னும் கையில் இருப்பது போலிருந்தது. தம்பிக்காகத்தான் பிடித்தாளா? அப்படியானால் குக்கரில் தண்ணீர்? அதுவும் எனக்காகவே நிரப்பி வைத்ததா? சீச்சீ, யாராவது குக்கரை வைத்து நாடகம் ஆடுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் டீக்கு முறை வைக்கிறவர்கள் எதற்குத்தான் முறை வைக்கமாட்டார்கள்?

வீட்டுக்காரர் பின்பக்க அறையில் சுவரைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டு. அவர் பாடி அவள் கேட்டு ரொம்ப நாளாகிறது.

"இங்க பீரோ. அந்தப் பக்கம் கட்டில். ஆணி எங்க வேணா அடிச்சுக்கலாம், எவளும் போன் பண்ண மாட்டா" என்றார்.

"என்னங்க, இங்க தண்ணிக்குக் கஷ்டமாம்."

"என்ன கஷ்டம்? அதான் லாரி வருதுல்ல."

அவள் அவர் முதுகைப் பார்த்தாள். "நான் லாரின்னு சொல்லவே இல்லையே."

சாண் போட்ட கை சுவரிலேயே நின்றது. "வர்ற வழியில டயர் தடம் பாத்தேன்."

"நீங்களா பாத்தீங்க?"

"ஏன், எனக்குக் கண்ணில்லையா? எல்லா எடத்துலயும் செலவு இருக்கத்தான்மா செய்யும். நீ எதையெடுத்தாலும் நோண்டிக்கிட்டே இருந்தா நாம கடைசி வரைக்கும் வாடகை வீட்டுலதான் கெடக்கணும்."

அவள் பேசாமல் நின்றாள். எத்தனையோ பேரைப் பேசவைத்த மௌனம் அது. அவர் ஒருவரிடம் மட்டும் அது செல்லாது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதற்கு ஈடுகொடுக்கப் பழகிவிட்ட ஒரே ஆள் அவர். மறுபடி சுவரின் ஒரு மூலையிலிருந்து சாண் போட ஆரம்பித்தார்.

"அண்ணே, கெளம்பலாமா?" என்று வாசலிலிருந்து புரோக்கரின் குரல் வந்தது.

போன வாரம் வரைக்கும் 'சார்' என்றுதானே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்?

அவர்கள் மூன்று பேரும் வெளியே வந்து கேட்டைச் சாத்தும்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்த இளைஞன் அடுத்த மனையிலிருந்த காலி வீட்டை அண்ணாந்து பார்த்தான். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூரத்துப் பயணம் என்று இரண்டு பேரின் தலைமுடியும் சொன்னது. மாடியில் துணி உலர்த்திய பெண் அதற்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தப் பெண் இறங்கி நேரே இவர்களிடம் வந்தாள். "நீங்க இங்கதான் குடியிருக்கீங்களாக்கா? பக்கத்து வீடு விலைக்கு வருதுன்னாங்க. இங்க தண்ணி, செலவெல்லாம் எப்படி?"

அவள் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"தண்ணிக்கு ஒரு கொறையும் இல்லம்மா. செலவும் அப்படி ஒண்ணும் பெருசா கெடையாது. நாங்களே இங்கதான் வரோம். தைரியமா வாங்குங்க, நமக்கும் பேச்சுத்துணையாச்சு."

தடங்கலே இல்லாமல் வந்தது. கடையில் கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம்கூட, ஃபிரேம் முகத்துக்குப் பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்று சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்குகிற மனுஷன். அவர் வாயிலிருந்து இந்தப் பேச்சு சும்மா வராது. புரோக்கர் எதிலும் பட்டுக்கொள்ளாமல் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வீட்டுக்காரர் பக்கமாகத் திரும்பி, உதடு அசையாமல் கேட்டாள். "அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "வேற ஒருத்தர் முந்திக்கப் பாத்தார்ம்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ஓனர் ஒரு நாள்தான் டைம் குடுத்தார். உங்கிட்ட சொன்னா நீ விடமாட்ட."

"எவ்வளவு?"

அவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். பெரிய தொகைதான் என்று புரிய அதுவே போதுமாக இருந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் முதலில் வந்தது ஒரு கணக்கு. அதற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் நம் பங்கு எவ்வளவு குறையும்? இந்தக் குடும்பம் வராமல் போனால், அந்த வீட்டின் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் சேர்த்து இனி யார் கொடுப்பது?

இளைஞனுக்கு அவர் சொன்னதே போதுமானதாக இருந்தது. புரோக்கரோடு சிரித்துப் பேசிக்கொண்டே காலி வீட்டின் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனான். வீட்டுக்காரரும் பின்னாலேயே போனார், நடையில் ஒரு அவசரத்தோடு. தெருவில் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

"ஆம்பளைங்க அப்படித்தான்க்கா சொல்வாங்க" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "இவரும் அப்படித்தான், எல்லாத்துக்கும் தலையாட்டிடுவாரு. நீங்க சொல்லுங்க."

அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அதில் சிரிப்பு இல்லை. மேல்மாடியில் துணி பறக்கிற சத்தம் கேட்டது. தோள் வலித்திருக்க வேண்டும், அந்தப் பெண் குழந்தையை மெதுவாக இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். வழி நெடுக அழுந்திக்கிடந்த அதன் கன்னத்தில் அம்மாவின் ரவிக்கைத் தையல் வரிசையாகப் பதிந்து சிவந்திருந்தது. குழந்தை கண் திறக்காமலே உதட்டைச் சப்பியது. அந்தப் பெண் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே, கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள்.