பஞ்சாயத்து ஆண்டெனா

வடக்கனந்தல் ஊர்த்தெரு ராஜாங்கம் வீட்டு மாடியில் டிஷ் ஏறிய அன்றே காலனி டிவியில் படம் போயிற்று. சாயந்திரம் தங்கமணி டிவி ரூமைத் திறந்து சுவிட்சைப் போட்டாள், திரையெல்லாம் பொறிப்பொறியாகக் கொட்டியது. வாசலில் அவள் புருசன் வேடியப்பன் தடியை ஊன்றிக்கொண்டு மதியத்திலிருந்து காத்திருந்தான். ராஜாங்கம் மாதிரி பிற்படுத்தப்பட்டவர்களுக்கான இடஒதுக்கீட்டு வழக்கில் கோர்ட்டு தீர்ப்பு இன்றைய செய்தியில் வரும் என்று பேச்சு.

அவனுக்கு அதைக் கேட்டே ஆகவேண்டும். இரண்டு வருசத்துக்கு முன்னால் ராஜாங்கத்தின் மகன் இளமாறன் காலனிக்கே வந்து, "நாம எல்லாரும் ஒண்ணுதாண்ணே, கூட்டம் காட்டணும்" என்று இடஒதுக்கீட்டு ஊர்வலத்துக்குக் கூப்பிட்டான். நம்பிப் போனவனின் முழங்காலை கள்ளக்குறிச்சி ரோட்டில் போலீஸ் தடி நொறுக்கியது. கால் எதற்குப் போனது என்றாவது தெரியவேண்டாமா?

டிவியும் ஆண்டெனாவும் காலனிக்குப் பஞ்சாயத்து கொடுத்தவை. காலனியில் மலை மறைக்கிறது என்று ஆண்டெனாவை ராஜாங்கம் வீட்டு மாடியில் நட்டு, ஒயரை அவர் சுவர் வழியாக இறக்கிக் காலனிக்கு இழுத்தார்கள். அவரும் சும்மா இல்லை, அதிலிருந்தே தன் டிவிக்கும் இழுத்துக்கொண்டார். இப்போது டிஷ் வந்துவிட்டது. சுவருக்குள் போகும் குழாயில் ஒரு ஒயர்தான் நுழையும், புது பெயின்ட் சுவரை உடைக்க மனசில்லை. மெக்கானிக் மாடியில் சின்னப் பெட்டி ஒன்று வைத்து, டிஷ்ஷையும் ஆண்டெனாவையும் பழைய ஒயரிலேயே சேர்த்து இறக்கினான். கீழே இன்னொரு பெட்டி வைத்து, அவர் டிவிக்கும் காலனிக்கும் தனித்தனியாகப் பிரித்தான். ஒன்றோடு ஒன்று கலக்காது என்று அடித்துச் சொன்னான். ராஜாங்கத்தின் காதில் ஏறினால்தானே!

தங்கமணி காலனிப் பெண்களோடு ராஜாங்கம் வீட்டு வாசலில் போய் நின்றபோது, காலனிக்கு வரும் ஒயர் அறுபட்டுத் தொங்கியது.

"இன்னாங்க இது?"

"எங்க டிஷ்ஷு வர்ற ஒயர்ல காலனியும் வருமா? வூட்டுல சாமி படம் கீது. வேற எங்கனா வச்சிக்குங்க" என்றார் ராஜாங்கம். பக்கத்தில் இளமாறன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இத்தினி வருசம் எங்க ஆண்டெனாலதான நீங்க படம் பாத்துக்கினு இருந்தீங்க? அப்ப ஒட்டாத தீட்டு இப்ப ஒட்டிக்கிச்சா? எங்க வூட்டுக்காரரு காலு மட்டும் உங்க ஊர்வலத்துக்கு ஆவும், எங்க ஒயரு ஆவாதா?"

கூட வந்த பெண்களுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, யாரிடமும் கேட்காமல் மாடிப்படி ஏறினாள். "ஏய், எங்க ஏர்ற?" என்று ராஜாங்கம் கத்தினார்.

"எங்க சாமான எடுக்க."

கம்பத்தோடு கழற்றி, ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து, காலனிக்காரர்கள் செருப்போடு நடக்கக்கூடாத ஊர்த்தெருவில் செருப்போடே தூக்கிப் போனார்கள். "ஞாயித்துக்கெழம படம் எதுல வரும்?" என்று ராஜாங்கத்தின் மனைவி ஆண்டாள் உள்ளேயிருந்து கேட்டாள். டிஷ்ஷில் இந்தியும் இங்கிலீஷும்தான் வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ரூம் மேல் மூங்கிலில் கட்டினார்கள். மலை மறைத்ததில் படம் வரவே இல்லை. குரல் மட்டும் கரகரவென்று வந்தது. செய்தி தொடங்குவதற்குள் இளமாறன் மூச்சு வாங்க ஓடிவந்தான். அவனுக்கும் தீர்ப்பு வேண்டுமாம்.

"உள்ள வர்ட்டா அண்ணி?"

"வாணாம் தம்பி. எங்க ஒயர்ல வர்றது உங்களுக்கு ஒட்டிக்கும். அங்கயே நில்லுங்க."

இடஒதுக்கீடு செல்லும் என்றது குரல். வேடியப்பன் கைதட்டவில்லை, முழங்காலைத் தடவிக்கொண்டான்.

"அண்ணே, இன்னா சொன்னாங்க?" என்று வெளியிலிருந்து கேட்டான் இளமாறன்.

தங்கமணி எழுந்துபோய் சத்தத்தைக் குறைத்தாள்.