பச்சையாக நின்ற ஒரே செடி

அன்று வயலில் இருந்தவர்கள் ஏழு பேர்: கோதுமை ஆராய்ச்சி செய்யும் என் தம்பி, அவன் மனைவி, வயல் மேஸ்திரி, தலைமையகத்திலிருந்து வந்த குழுவினர் மூவர், நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இப்போது சொந்தத்தில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

என்னை யாரும் அழைக்கவில்லை. தம்பியின் ஆராய்ச்சியைத் தொடரலாமா, மூடிவிடலாமா என்று அந்தக் குழு அன்று முடிவு செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவன் எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? சலவை செய்த வெள்ளை உடையில் ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன்.

துரு நோயைத் தாங்கும் கோதுமை ஒன்றை உண்டாக்க வேண்டும் என்பதுதான் பதினோரு ஆண்டுகளாக அவன் வேலை. கோதுமைப் பூவைச் சாமணத்தால் பிரிப்பான். மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பான். காட்டுப் புல்லின் மகரந்தத்தைத் தூவிக் காகித உறை மாட்டுவான். "உங்க தம்பி கோதுமைக்குக் கல்யாணத் தரகராமே?" என்று என் மைத்துனர் பத்துப் பேர் நடுவில் கேட்டார். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் நான் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

தம்பியும் அவன் மனைவியும் குழுவை வரவேற்கக் கேட்டுக்குப் போயிருந்தார்கள். நான் வரப்பில் நின்று வயலைப் பார்த்தேன். மனம் நிறைந்தது. எங்கு பார்த்தாலும் பொன்னிறம். அதுதான் துரு நோய் என்றும், எது தாங்குகிறது என்று பார்க்க அவனே அதை வயல் முழுக்கப் பரப்பியிருந்தான் என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஐந்தாவது வரிசையில் ஒரு செடி மட்டும் பச்சையாக, மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றது. தண்டில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவன் நான். சிவப்பில் குறித்தால் தப்பு என்று பொருள். மேஸ்திரி குறித்துவைத்துவிட்டுப் பிடுங்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். வெளியார் வந்து பார்க்கும் நேரத்தில் நம் வயலில் இப்படி ஒன்று நிற்கலாமா? இறங்கி வேரோடு பிடுங்கினேன்.

"ஐயா! ஐயா! அதைத் தொடாதீங்க!" என்று மேஸ்திரி ஓடிவந்தார்.

"தொட்டாச்சு. நீங்க செய்ய வேண்டிய வேலைதான்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

"அண்ணா, கையில என்ன?" என்றான் தம்பி.

"களை."

"எந்த வரிசை?"

"அஞ்சாவது."

அவன் திரும்பி ஐந்தாவது வரிசையைப் பார்த்தான். அவன் மனைவிதான் பேசினாள். "மாமா, நாலாயிரம் செடியில இது ஒண்ணுதான் நோயைத் தாங்கிச்சு. இதைக் காட்டத்தான் அவங்களை வரச் சொன்னாரு."

"அப்படின்னா ஒரு பலகை வெச்சிருக்கலாமே?"

"பலகை வெச்சா எவனாவது பிடுங்கிட்டுப் போயிடுவான்னு பயந்துதான் நூல் கட்டினாரு."

குழுத் தலைவி என் கையிலிருந்து செடியை வாங்கினார். பூதக்கண்ணாடியை வைத்து இலை இலையாகப் பார்த்தார். "ஒரு புள்ளிகூட இல்லையே!" என்று மற்ற இருவரிடமும் நீட்டினார். பிறகு தம் புதுச் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "சேத்துல இறங்கணுமேன்னு நினைச்சேன். இப்படி எடுத்து வெச்சது ரொம்ப வசதி. இவர் யாரு?"

"எங்கண்ணன்" என்றான் தம்பி. தீர்ப்பு வாசிப்பது போல இருந்தது.

ஆராய்ச்சியை ஐந்து ஆண்டுகள் நீட்டிப்பதாகத் தலைவி அங்கேயே சொல்லிவிட்டுப் போனார். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. கதிரை அழுத்திப் பார்த்தான். மணி இன்னும் பாலாகத்தான் இருந்தது. "விதை இல்லாம அஞ்சு வருஷத்தை வெச்சு நான் என்ன பண்றது?" என்றான்.

அவன் மனைவி கதிர்களைத் தண்டோடு வெட்டி, சர்க்கரை கரைத்த தண்ணீரில் நிறுத்தி, ஆய்வகத்து ஜன்னலோரம் வைத்தாள். மணி அப்படியே முற்றினாலும் முற்றும், அழுகினாலும் அழுகும் என்றாள். பத்தொன்பது நாட்கள் நான் வீடு திரும்பவில்லை. தண்ணீர் மாற்றும் வேலையை எனக்குத் தரவில்லை. எதிரே நாற்காலி போட்டு, கைகளை மடியில் வைத்து உட்கார அனுமதித்தார்கள்.

சுருங்கிய மணிகள் ஒன்பது கிடைத்தன. இரண்டு முளைத்தன. அதில் ஒன்றைத் துரு தின்றது, ஒன்று தாங்கியது. அதன் வாரிசுகள் இன்று நான்கு ஏக்கரில் பச்சையாக நிற்பதாகத் தம்பி சொல்கிறான். வேலிக்கு வெளியே நின்று பார்க்க எனக்கு அனுமதி உண்டு.

குழுவினர் கையில் எடுத்துப் பார்க்கட்டும் என்று யோசித்தே நான் அந்தச் செடியைப் பிடுங்கினேன், தம்பியின் ஆராய்ச்சியைக் காப்பாற்றியதே நான்தான் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையல்ல. களை என்று நினைத்துப் பிடுங்கினேன்.