நாலு மாசம் பத்து நாள்

ஆறாம் நம்பர் கவுண்டர் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முதல்ல என்னைப் பார்த்தாங்க, அப்புறம் என் தம்பியைப் பார்த்தாங்க, அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க.

"இவர் உங்க கூடப்பிறந்த தம்பிதானே?"

"ஆமா."

"ஒரே அப்பா, ஒரே அம்மா?"

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

கொஞ்சம் வெடுக்குன்னுதான் கேட்டுட்டேன். பயம் வந்தா எனக்கு வாய் நீளும், அது என் பிறவிக் குணம். அவங்க ஸ்க்ரீனை எங்க பக்கம் திருப்பினாங்க. மேல என் பிறந்த தேதி. கீழ அவன் பிறந்த தேதி. நடுவுல நாலு மாசம் பத்து நாள்.

"ஒரே அம்மா இப்படிப் பெத்துக்க முடியாது இல்லையா?"

முடியாதுதான். எனக்கு மட்டும் தெரியாதா?

இந்த நாட்டுல வெளிநாட்டுலேர்ந்து வந்து தங்கறவங்களுக்கு ஒரு அடையாள அட்டை குடுப்பாங்க. அது இருந்தா மனுஷன், இல்லாட்டி விருந்தாளி. வீடு வாடகைக்குப் பிடிக்க, பேங்க்ல கணக்குத் திறக்க, ஆஸ்பத்திரியில வரிசையில நிக்க, எல்லாத்துக்கும் அந்த அட்டைதான். எனக்கு அது கிடைச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. பேன்ட் நீளம் குறைக்கிற கடையில மெஷின்ல உட்கார்ந்து, ஒண்டிக்கட்டையா அந்த ஒன்பது வருஷத்தையும் ஓட்டினேன். அட்டை வச்சிருக்கறவங்க கூடப்பிறந்தவங்களை அழைச்சுக்கலாம், ஒரே வீட்டுல இருந்தா அவங்களுக்கும் அட்டை உண்டுன்னு போன வருஷம் ஒரு புது விதி வந்துச்சு. கேள்விப்பட்ட அன்னைக்கே தம்பிக்குப் போன் போட்டேன்.

அவன் வந்து எட்டு மாசம் ஆகுது. இரும்பு கேட் செய்யற பட்டறையில வெல்டர். அட்டை வந்ததும் நிரந்தரம்னு முதலாளி சொல்லி, அவன் பேர் ஒட்டின ஒரு லாக்கரும் குடுத்திருக்கார். நாற்பதைத் தொட்டுட்டு இருக்கான், இதுவரைக்கும் ஒரு இடத்துலயும் ஒரு வருஷம் முழுசா நின்னதில்ல. அந்த லாக்கரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான், பைத்தியக்காரன். எனக்கும்தான் என்ன வாழுது? சாயந்திரம் கதவைத் திறந்தா உள்ள லைட் எரியுது. அதுக்கே தினமும் மாடிப்படியை ரெண்டு ரெண்டா ஏறிட்டு இருந்தேன்.

அவனோட தற்காலிகக் காகிதம் இருபத்தெட்டாம் தேதியோட முடியுது. இன்னைக்கு எட்டு. அதுக்குள்ள முடிவாகலைன்னா கிளம்பணும். ஒருதடவை கிளம்பினவங்க அஞ்சு வருஷத்துக்கு மறுபடி கேட்கவே முடியாது.

தேதிக் கதையையும் சொல்லிடறேன். அப்பாவும் அம்மாவும் விடிஞ்சதும் வேலைக்குப் போயிடுவாங்க. தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்ல, அதனால நான் வீட்டுல நின்னேன். அவனுக்கு அஞ்சு வயசு ஆனப்பதான் ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூட்டிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல விட்டாங்க. எட்டு வயசுப் பிள்ளையை ஒண்ணாம் வகுப்புல எப்படிச் சேர்க்கறது? ஹெட்மாஸ்டர் யோசிச்சார். பேனாவை எடுத்து எனக்கு ஒரு தேதி, அவனுக்கு ஒரு தேதி எழுதினார். அக்கா அக்காவாவே இருக்கணுமேன்னு என்னை நாலு மாசம் முன்னாடி பிறக்க வச்சார், நல்ல மனுஷன். அவருக்குக் கணக்கு வரும், பிரசவம் தெரியாதுபோல. அதுக்கப்புறம் பாஸ்போர்ட் வரைக்கும் அந்தத் தேதிதான். மூணு வயசு குறைச்சல்னு நானும் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டுக்கிட்டேன்.

இதை அப்படியே கவுண்டர்ல சொல்ல வாயெடுத்தேன். தம்பி மேஜைக்கு அடியில என் காலை மிதிச்சான்.

கவுண்டர் அம்மா நிதானமா, குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க. "ஒருவேளை உங்க தேதி தப்புன்னா, நீங்க ஒன்பது வருஷமா தப்பான தகவல் குடுத்திருக்கீங்கன்னு ஆகும். உங்க அட்டையை வாங்கி வச்சுட்டு விசாரணை பண்ணுவோம். அது எப்படி முடியும்னு என்னால சொல்ல முடியாது." அப்புறம் குரலை இறக்கி, "ஒருவேளை அப்பா ஒண்ணு, அம்மா வேறன்னா பிரச்சினையே இல்ல. அதுவும் கூடப்பிறந்த கணக்குதான். உங்க அம்மா சத்தியம் பண்ணி ஒரு கடிதம் குடுத்தா போதும்."

வெளியில வந்து பெஞ்சுல உட்கார்ந்தோம். தம்பிக்குச் சிரிப்பு.

"பாவம் அப்பா. ஒரு பெண்டாட்டிகிட்டயே வாயைத் திறக்க மாட்டார். செத்து ஆறு வருஷம் கழிச்சு அவருக்கு ரெண்டாவது குடும்பம்."

"சிரிக்காதடா. எல்லாரும் பார்க்கறாங்க."

"உன் அட்டைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுக்கா. நான் சின்ன வீட்டுப் பையனாவே இருந்துட்டுப் போறேன். என்ன இப்போ?"

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டோம். நான் சுத்தி வளைச்சேன், அவன் பட்டுன்னு உடைச்சான். என் பழைய காகிதங்கள்ல அம்மா பேர் ஏறிடுச்சு, அதனால அவனைத்தான் பெறலைன்னு எழுதணும். அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"எழுதிக் குடுத்தா அவனை அங்கயே வச்சுப்பாங்களா?"

"வச்சுப்பாங்கம்மா."

"சரி. எங்க கையெழுத்துப் போடணும்?"

அம்மா அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்குவான்னு நான் நினைக்கலை. தம்பி ஊர்ல இருக்கற நோட்டரி ஆபீஸுக்குப் போன் பண்ணி, கிளார்க்குக்கு ஒவ்வொரு வரியா சொன்னான். வெள்ளிக்கிழமை அம்மா போய்க் கையெழுத்துப் போடறதா ஏற்பாடு.

வியாழக்கிழமை காலையில அம்மாவே கூப்பிட்டா. நான் கடைக்குக் கிளம்பிட்டு இருந்தேன்.

"ஏண்டி, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவனை ஊருக்கு அனுப்புவாங்கல்ல? பெத்தவங்க சாவுக்குத்தான் லீவுன்னு அப்பா போனப்ப உனக்கு அங்க சொன்னாங்களே. நான் அவனுக்குப் பெத்தவ இல்லன்னு ஆயிட்டா?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. அதை நான் யோசிக்கவே இல்ல. "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு வச்சுட்டேன். அன்னைக்கு நாலு பேன்ட்டைத் தப்பா வெட்டினேன். கடைக்காரர் கத்திரியை என்கிட்டேர்ந்து வாங்கி மேஜைமேல வச்சார்.

கடிதம் வர வேண்டிய நாள்ல வரலை. பதினேழு, பத்தொன்பது, இருபத்தொண்ணு. வாசல்ல பெல் அடிச்சா ரெண்டு பேரும் சேர்ந்து ஓடுவோம், பார்த்தா பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் பார்சலா இருக்கும். ராத்திரியில தூக்கம் போச்சு, பகல்ல பசி போச்சு. தம்பி மட்டும் தினமும் லாக்கர் சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி வேலைக்குப் போய்ட்டு வந்தான். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

இருபத்துநாலாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயந்திரம் கூரியர் வந்துச்சு. சமையலறை மேஜையில வச்சுப் பிரிச்சோம். நம்ம பாஷையில ஒரு பக்கம், அதோட மொழிபெயர்ப்பு ஒரு பக்கம், ரெண்டுலயும் சிவப்பு முத்திரை. தம்பி சத்தமாப் படிக்க ஆரம்பிச்சான். ரெண்டாவது வரியில நின்னுட்டான்.

"என்னடா?"

"நான் சொன்னது இது இல்லக்கா."

பிடுங்கிப் பார்த்தேன்.

"மேற்படி இருவரும் என் வயிற்றில் பிறந்தவர்கள். இருவருக்கும் மூன்று வருட வித்தியாசம். மகனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மூத்த மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்தினேன். சேர்த்தபோது அவளுக்கு எட்டு வயது. ஐந்து என்று சொன்னது நான். தேதி போட்டது தலைமை ஆசிரியர். அவள் குழந்தை, அவள் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்க ஆசை இருந்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்தும் நான் அனுப்பவில்லை. தப்பு என்னுடையது. தண்டனை இருந்தால் எனக்குக் கொடுக்கவும்."

கீழ அம்மாவோட கோணல் கையெழுத்து.

நான் நாற்காலியில உட்கார்ந்துட்டேன். நான் அப்படி நின்னதை அம்மா பார்த்திருக்கான்னு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. அதெல்லாம் ஒரு விஷயமேயில்லன்னு நானே நம்பிட்டு இருந்தேன்.

"பாவி மனுஷி, ரெண்டு பேர் தலையிலயும் கல்லைத் தூக்கிப் போட்டுட்டாளே"ன்னு சொன்னேன்.

தம்பி கடிதத்தை மடிச்சான். "இதைக் குடுக்க வேண்டாம். வேற எழுதி வாங்க நாளும் இல்ல. நான் கிளம்பறேன். உன் அட்டையாவது மிஞ்சும்."

"கிளம்பி?"

"அஞ்சு வருஷம்தானே. கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்."

"வாயை மூடு. உன்னைத் தூக்கித் தூக்கியே இந்த இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சு கிடக்கு. இப்போ நீ பெரிய தியாகி ஆயிட்டியா? திங்கக்கிழமை லீவு சொல்லிடு, ஆபீஸ் போறோம்."

தைரியமாத்தான் சொன்னேன். ஆனா ஞாயித்துக்கிழமை முழுக்க என் அட்டையை நூறு தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ, அதுல இன்னும் முடி கறுப்பா இருந்துச்சு. இது போச்சுன்னா கடை போச்சு, வீடு போச்சு, ரெண்டு பேரும் ஒரே விமானத்துல போக வேண்டியதுதான்னு நினைச்சேன்.

திங்கக்கிழமை அதே ஆறாம் நம்பர். கடிதத்தையும் என் அட்டையையும் சேர்த்தே உள்ள தள்ளினேன். என் விரல் அட்டையை விட மாட்டேங்குது, கவுண்டர் அம்மாதான் மெதுவா இழுத்து எடுத்தாங்க. மொழிபெயர்ப்பை ஒருதடவை படிச்சாங்க. திரும்பவும் முதல்லேர்ந்து படிச்சாங்க. அப்புறம் எழுந்து, பின்னாடி இருந்த அதிகாரி அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

இருபது நிமிஷம். சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிச்சிடுச்சு. தம்பி காலை ஆட்டிக்கிட்டே இருந்தான். நிறுத்துடான்னு தொடையில ஒரு அடி வச்சேன். பக்கத்துல இருந்த ஆள் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டார்.

கதவு திறந்துச்சு. கவுண்டர் அம்மா கையில ரெண்டு காகிதம்.

"கூடப்பிறந்தவங்கன்னு ஏத்துக்கிட்டாச்சு. உங்க தம்பிக்கு அட்டை ரெண்டு வாரத்துல வரும், அதுவரைக்கும் இந்தச் சீட்டு." அடுத்த காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாங்க. "உங்க தேதியைத் திருத்தணும். மூணு மாசம் விசாரணை. குழந்தையா இருந்தப்ப நடந்ததுன்னு அதிகாரி குறிப்பு எழுதியிருக்கார், அபராதத்தோட முடியலாம். வேலைக்குப் போகலாம். ஆனா அதுவரைக்கும் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, உங்க அட்டை எங்ககிட்ட இருக்கும்."

தம்பி சீட்டை வாங்கிக்கலை. என் முகத்தையே பார்த்துட்டு நின்னான். நான்தான் வாங்கி அவன் சட்டைப் பையில சொருகினேன்.

வெளியில படிக்கட்டுல உட்கார்ந்து அம்மாவுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தா. பக்கத்துலயே போனை வச்சுக்கிட்டுக் காத்திருந்திருப்பா.

"அவனுக்குக் கிடைச்சிடுச்சும்மா. எனக்கும் பயமில்லன்னு சொல்றாங்க, மூணு மாசம் ஆகுமாம்."

அம்மா மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டா.

"அந்த லெட்டரைப் படிச்சுட்டு என்னைத் திட்டினாங்களாடி?"

"யாரும் திட்டலைம்மா."

"நீ?"

தம்பி பக்கத்துல உட்கார்ந்து என் கையைப் பிடிச்சான். எதிர்ல பஸ் வந்து நின்னு, ஆளை ஏத்திக்கிட்டுப் போச்சு.

"என் அட்டை வரட்டும்"னு சொன்னேன். "நேர்ல வந்து திட்டறேன். அதுவரைக்கும் உடம்பைப் பார்த்துக்க."