கில்பேன் வம்சத்தின் மூடாத ஜன்னல்

அமெரிக்காவின் பியூட் நகரத்தில் கில்பேன் குடும்பம் குடியிருந்த எந்த வீட்டிலும் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று மூடாது. எழுபத்தைந்து வருடங்களில் ஒன்பது வீடு மாறினார்கள். அதுவரை ஒழுங்காக மூடிக்கொண்டிருந்த ஜன்னல், இவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு நுழைந்ததும் திறந்துகொள்ளும். ஆணி அடித்தார்கள், காலையில் ஆணிகள் சட்டத்தின்மேல் வரிசையாகக் கிடந்தன. செங்கல் வைத்துப் பூசினார்கள். செங்கற்கள் கட்டிலுக்கடியில் அடுக்கிக் கிடந்தன. எங்கள் ஊர்க் குளிர் மாட்டையே நின்றபடி கொல்லும். அந்தக் குடும்பத்தின் பாதிக் குழந்தைகள் நெஞ்சுச்சளியில் போயின. பிழைத்தவர்கள் செப்புச் சுரங்கத்தில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். இவர்களுக்கு ஜன்னல் என்று ஊர் விட்டுவிட்டது.

1964 குளிர்காலத்தில் டெனிஸ் கில்பேனின் மூன்று மாதக் குழந்தை ஊனா இரும ஆரம்பித்தாள். இதற்கு முன் இரண்டைப் புதைத்தவன் அவன். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் பார்த்தான். அந்த வீட்டு ஜன்னலும் திறந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். அப்போதுதான் அவன் அத்தை ஹனோரா, கல்யாணமாகாதவள், பள்ளிச் சமையற்காரி, வம்சத்தைத் தோண்டக் கிளம்பினாள்.

"செத்தவங்களக் கேட்டு என்னத்த ஆவப்போவுது அத்த? நல்ல தச்சனாப் பாப்போம்."

"ஏழு தச்சன் பாத்தாச்சுடா. தொறந்தது யாருன்னு தெரியாம எப்படி மூடறது?"

கல்லறைகள், சுரங்கப் பதிவேடுகள், கப்பல் பட்டியல் என்று பின்னோக்கிப் போய், 1889இல் அயர்லாந்தின் அச்சில் தீவிலிருந்து கப்பலேறிய தாத்தா ஃபெஸ்டஸிடம் வந்து நின்றாள். தீவின் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயிற்பிள்ளை மார்ட்டின் லாவெலுக்கு எழுதினாள். பதில் வந்தது. அமெரிக்காவுக்குப் போகிறவன் திரும்பமாட்டான் என்பதால், புறப்படும் முன்பே அவனை நடுவில் உட்காரவைத்து எழவு கொண்டாடுவது அங்கே வழக்கம். ஒப்பாரி உண்டு, சாராயம் உண்டு. ஜன்னலை மட்டும் திறக்கக் கூடாது. அது நிஜமாகச் செத்தவனின் உயிர் வெளியேறுவதற்கு. ஃபெஸ்டஸின் எழவில் ஒப்பாரிக்காரி கைப்பழக்கத்தில் திறந்துவிட்டாள். மூடப் போனவர்களை அவன் தாய் தடுத்தாள், பிள்ளை திரும்பிவர வழி வேண்டுமென்று. "இன்னும் தொறந்துதான் கெடக்கு. நாங்க மூடப் போனா உள்ளேருந்து ஒரு கை புடிச்சுக்குது. உங்க ஆளுங்க யாராச்சும் வந்து பாருங்க" என்று முடித்திருந்தார் மார்ட்டின்.

ஹனோரா போனாள். மார்ட்டின் அந்த வீட்டுக்கு அழைத்துப்போனார். வீட்டின் நான்கு சுவரும் விழுந்து, கல்லுக்கு நடுவே ஆடுகள் மேய்ந்தன. ஜன்னல் மட்டும் இருந்த உயரத்திலேயே நின்றது, கண்ணாடி அன்று துடைத்ததுபோல. சட்டத்தைப் பிடித்திருந்த கையில் மாவு ஒட்டியிருந்தது.

"ஃபெஸ்டஸா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

பொய் சொல்ல ஹனோராவுக்கு ஆசையாக இருந்தது. "அவரு வரலம்மா. நான் அவரு பேத்தி."

"யாரா இருந்தா என்ன, எம் புள்ள ரத்தம். உள்ள வா, மூடிடலாம். குளிருது."

"வந்தா, திரும்பப் போவ முடியுமா?"

ஹனோரா பயந்தாள், கொஞ்சம் அழுதாள். பிறகு கையுறைகளைக் கழற்றி மார்ட்டினிடம் கொடுத்தாள். "கொழந்தைக்கு இனிமே ரெண்டு கம்பளி வேணாம்னு டெனிஸுக்கு எழுதுங்க" என்று சொல்லி, ஜன்னலுக்குள் காலெடுத்து வைத்தாள்.

அந்தக் கணமே பியூட்டில் ஜன்னல் சாத்திக்கொண்டது. டெனிஸ் காலைக் காப்பியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதான். கடிதம் வர ஒன்பது நாள் ஆனது.

தீவில் மூடிக்கொண்ட அந்த ஜன்னலைச் சுற்றி நடந்தால் ஆடுகள்தான் இருக்கின்றன என்றும், ஆனால் ஓர் அறையளவு இடத்தில் மட்டும் மழை விழுவதில்லை, ரொட்டி வாசனை வருகிறது என்றும் மார்ட்டின் சாகும்வரை கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எழுதினார். ஊனா இருமல் நின்று வளர்ந்து, இப்போது எங்கள் ஊரில் பேருந்து ஓட்டுகிறாள். வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கிழக்கு ஜன்னலை உள்ளேயும் வெளியேயும் துடைப்பாள். திறந்து பார்த்ததில்லை.